1 நோட்ரம்ப்புக்கு மேல் எதிராளி குறுக்கே கேட்டால்: லெபன்ஸோல் எப்படி வேலை செய்கிறது

பிரிட்ஜ் சீட்டாட்ட ஏலம் பற்றி நீங்கள் கேட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்ட்னர் 15–17 பாயிண்டில் (ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1) 1 நோட்ரம்ப் திறக்கிறார், அதாவது துருப்பு நிறம் இல்லாமல் பதின்மூன்று பிடிகளில் (சுற்றுகளில்) ஏழு எடுப்பதாக ஏலத்தைத் தொடங்குகிறார். உங்களுக்கு முன்னால் இருக்கும் எதிராளி 2♥ என்கிறார். உங்கள் கை:

♠ 7 4
♥ 8 3
♦ கிங் ஜாக் 10 8 6 2
♣ 9 5 4

டைமண்டில் நின்றுவிடலாம் என்று 3♦ கேட்டீர்கள். பார்ட்னர் அதைக் கேம் (3 நோட்ரம்ப், 4♥, 4♠ போலப் போனஸ் தரும் ஒப்பந்தம்) போகும் பலமுள்ள கை என்று எடுத்துக்கொண்டு 3 நோட்ரம்ப் போனார். அவர் கை இது:

♠ ஏஸ் 8 5
♥ கிங் 7 2
♦ 7 5
♣ ஏஸ் கிங் குயின் 7 2

ஹார்ட் கிங் ஒன்று, ஸ்பேட் ஏஸ் ஒன்று, கிளப் ஐந்து, ஆக ஏழு பிடி. டம்மியில் (மேசையில் விரித்து வைத்த உங்கள் கையில்) ஆறு டைமண்ட் இருந்தும், ஏஸைத் தள்ளிவிட்டுத் திரும்ப அங்கே போக வேறு வழியில்லை. இரண்டு பிடி குறைந்தது. வல்னரபிளில் (அபராதமும் போனஸும் கூடும் நிலையில்) 200 போயிற்று. இதே சீட்டுகளுக்கு 3♦-இல் நின்றிருந்தால், டைமண்ட் குயின் சரியான பக்கம் இருக்கும்போது இரண்டு ஹார்ட், ஒரு ஸ்பேட், ஒரு டைமண்ட் மட்டும் இழந்து 110 எடுத்திருக்கலாம். இருவரில் யார் தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். இருவர் மேலும் தவறில்லை. 3♦ என்ற ஒரே பிட் (ஏலத்தில் கேட்பது) இரண்டு வெவ்வேறு கைகளைச் சுமந்தது, அதுதான் பிரச்சினை. உங்களிடம் இதே டைமண்ட் நீளத்தோடு 13 பாயிண்ட் இருந்திருந்தாலும் 3♦ தானே கேட்டிருப்பீர்கள்?

இதற்கான மருந்துதான் லெபன்ஸோல் என்ற கன்வென்ஷன் (பார்ட்னர்கள் முன்பே பேசி வைத்த, தனிப் பொருளுள்ள ஏல ஏற்பாடு). அமெரிக்காவின் பிரிட்ஜ் வேர்ல்டு இதழில் 1970-இல் ஜார்ஜ் போம் இதை எழுதினார். கென்னத் லெபன்சோல்டு என்ற ஆட்டக்காரரின் பெயர் கொஞ்சம் திரிந்து இதற்கு வந்தது. அவரோ இது தன் கண்டுபிடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார். பெயர் யாருடையதாக இருந்தாலும், 1 நோட்ரம்ப்புக்குப் பிறகான போட்டி ஏலத்தில் ஒரே ஒரு கன்வென்ஷன் கற்க நேரம் இருக்கிறதென்றால் இதைத்தான் கற்க வேண்டும்.

அடிப்படை மிக எளிது. எதிராளி இரண்டாம் மட்டத்தில் ஒரு நிறத்தைக் கேட்டதும், நமது 2 நோட்ரம்ப் தன் இயல்பான அர்த்தத்தை இழக்கிறது. "பார்ட்னர், எதுவும் யோசிக்காமல் 3♣ கேளுங்கள், மிச்சத்தை நான் சொல்கிறேன்" என்பதே அதன் பொருள். அவர் 3♣ கேட்ட பிறகு நாம் பாஸ் சொன்னால் கையில் கிளப் நீளம், பலம் இல்லை. 3♦ கேட்டால் டைமண்ட் நீளம், பலம் இல்லை. பார்ட்னர் கட்டாயம் பாஸ் சொல்ல வேண்டும். மேலே உள்ள உங்கள் கையை இப்படித்தான் சொல்ல வேண்டும்:

1 நோட்ரம்ப் – (2♥) – 2 நோட்ரம்ப் – (பாஸ்)
3♣ – (பாஸ்) – 3♦ – எல்லோரும் பாஸ்

பலவீனமான கைகளுக்கு இப்படி ஒரு தனி வழி கிடைத்ததும், நேராகக் கேட்கும் 3♣, 3♦ இரண்டும் விடுதலையாகின்றன. அவை இனி ஐந்து சீட்டுக்குக் குறையாத நிறம், கேமுக்குக் குறையாத பலம். எடுத்துக்காட்டாக:

♠ கிங் 4
♥ 8 3
♦ ஏஸ் குயின் ஜாக் 8 6 2
♣ கிங் 5 4

இந்தக் கைக்கு நேராக 3♦. பார்ட்னரிடம் ஹார்ட் ஸ்டாப்பர் (எதிராளி அந்த நிறத்தில் வரிசையாகப் பிடி எடுப்பதைத் தடுக்கும் சீட்டு) இருந்தால் 3 நோட்ரம்ப், இல்லாவிட்டால் டைமண்டைத் தூக்குவார் அல்லது வேறு ஏதாவது சொல்வார். பாஸ் மட்டும் சொல்ல மாட்டார்.

இரண்டாம் மட்டத்தில் கேட்க இடம் இருக்கும் நிறத்துக்கு மூன்று படிகள் கிடைக்கின்றன. 2♥-க்கு மேல் 2♠ என்றால் அங்கே விளையாட விரும்பும் கை, பார்ட்னர் பாஸ் சொல்லலாம். 2 நோட்ரம்ப் வழியாகப் போய் 3♠ என்றால் அழைப்பு (பலம் கூடுதலாக இருந்தால் கேமுக்குப் போங்கள் என்பது). நேராக 3♠ என்றால் ஐந்து ஸ்பேடோடு கேம் கட்டாயம். ஒரே நிறம், மூன்று பலம், மூன்று பாதை. ஓவர்கால் (எதிராளி குறுக்கே கேட்கும் பிட்) 2♠ ஆக இருந்து நம் நிறம் ஹார்ட் என்றால் இந்த வசதி இல்லை. அங்கே 2 நோட்ரம்ப் வழியாக வரும் 3♥ பலவீனம், நேர் 3♥ கேம். நடுவில் நிற்கும் 8–9 பாயிண்ட் அழைப்புக் கைக்கு வழியே கிடையாது. ஒன்று கீழே இறக்கி மதிப்பிட வேண்டும், இல்லாவிட்டால் துணிந்து மேலே போக வேண்டும். லெபன்ஸோலின் உண்மையான ஓட்டை இதுதான். இதை எப்படி அடைப்பது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்தது ஸ்டாப்பர். ஜோடிகள் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். கேம் பலத்தோடு நான்கு ஸ்பேட் இருந்தால் எதிராளியின் நிறத்தையே 3♥ என்று கேட்கிறோம், அது ஸ்டேமன் (பார்ட்னரிடமும் நான்கு ஸ்பேட் உண்டா என்று கேட்பது). நீளமான நிறம் இல்லாத கேம் கைக்கு 3 நோட்ரம்ப். இந்த இரண்டையுமே நேராகவும் கேட்கலாம், 2 நோட்ரம்ப்–3♣ என்று சுற்றியும் கேட்கலாம். ஒரு வழி "எனக்கு ஸ்டாப்பர் உண்டு", இன்னொரு வழி "இல்லை". எந்த வழிக்கு எது என்பதை ஜோடிதான் முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலானோர் ஆடுவது: சுற்றி வந்தால் ஸ்டாப்பர் உண்டு, நேராகப் போனால் இல்லை.

இதைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம் இருக்கிறது. நீங்கள் 2 நோட்ரம்ப் கேட்டதும் நான்காம் ஆள் சும்மா இருப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை:

1 நோட்ரம்ப் – (2♥) – 2 நோட்ரம்ப் – (3♥)
பாஸ் – (பாஸ்) – ?

சுற்றி வருவது ஸ்டாப்பரைக் காட்டும் ஏற்பாடு என்றால் பயமில்லை. கையில் ஸ்டாப்பர் இருக்கிறது, பலம் இருக்கிறது, 3 நோட்ரம்ப் கேட்டுவிட வேண்டியதுதான். எதிர்ப்புறமாக, ஸ்டாப்பர் இல்லாத கைதான் சுற்றி வர வேண்டும் என்று வைத்திருந்தால், இந்த 3♥ நம் வாயை அடைத்துவிடும். கேம் பலம் இருக்கிறது, ஸ்டாப்பர் இல்லை, அதைச் சொல்லவும் இடமில்லை. ஆகவே ஆபத்தான செய்தியை முதல் வாய்ப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

நேர் 3 நோட்ரம்ப்பைப் பார்த்ததும் திறந்தவர் தன் கையைப் பார்க்க வேண்டும். ஸ்டாப்பர் இருந்தால் பாஸ். இல்லாவிட்டால் 4♣ அல்லது 4♦-க்கு ஓட வேண்டும். "பார்ட்னர் 3 நோட்ரம்ப் என்றாரே, அவரிடம் இருக்கும்" என்று 9 7 3 வைத்துக்கொண்டு பாஸ் சொன்னால் முதல் ஐந்து பிடி எதிராளிக்கு. நேர் 3♥-க்கும் இதே ஒழுங்கு: நான்கு ஸ்பேட் இருந்தால் 4♠, இல்லாமல் ஸ்டாப்பர் இருந்தால் 3 நோட்ரம்ப், இரண்டும் இல்லாவிட்டால் நான்காம் மட்டத்தில் ஒரு மைனர் (கிளப் அல்லது டைமண்ட்).

எதை ஸ்டாப்பர் என்று எண்ணுவது? ஏஸ், இன்னொரு சீட்டோடு கிங், இரண்டு சீட்டோடு குயின். ஜாக்கோடு மூன்று சீட்டு என்பது பாதி ஸ்டாப்பர்தான். ஆனால் ஒரே சீட்டுக்கு இடத்தைப் பொறுத்து மதிப்பு மாறும், இதைப் பலர் யோசிப்பதில்லை. ஓவர்கால் செய்தவர் திறந்தவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார். 3 நோட்ரம்ப்பைத் திறந்தவர் ஆடும்போது முதல் சீட்டை இறக்குவதும் அவர்தான். அவர் ஹார்ட்டிலிருந்து இறக்கினால் திறந்தவரின் கிங் 7 ஒரு பிடி எடுத்துவிடும். அவர் கெட்டிக்காரராக வேறு நிறம் இறக்கி, தன் பார்ட்னர் உள்ளே வரும்வரை காத்திருந்தால், அந்தப் பக்கமிருந்து வரும் ஹார்ட் நம் கிங்கை நடுவில் மாட்டவைக்கும். இதே கிங் 7 டம்மியில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, ஓவர்கால் செய்தவர் போட்ட பிறகுதான் டம்மி போடும். ஆகவே திறந்தவர் நேர் 3 நோட்ரம்ப்பில் கிங்கோடு ஒரே சீட்டு வைத்துப் பாஸ் சொல்லும்போது, ஒரே ஓட்டத்தில் ஒன்பது பிடி வருமா என்று பார்ப்பது நல்லது. பதிலளிப்பவரின் (திறந்தவரின் பார்ட்னரின்) குயின் 6 2 அதைவிடத் திடமான தடை.

இப்போது டபுள் (எதிராளியின் பிட் மேல் சொல்வது, அங்கேயே ஏலம் முடிந்தால் பந்தயத்தைக் கூட்டும்). லெபன்ஸோல் ஆடுகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் புதிய ஜோடிகள் அதிகம் இழப்பது 2 நோட்ரம்ப்பில் அல்ல, டபுளில். ஒருவர் அதைத் தண்டனை (இங்கேயே நின்று அவர்களை விழவைப்போம்) என்று கேட்கிறார், மற்றவர் நிறம் கேட்கும் டபுள் (உங்கள் நிறத்தைச் சொல்லுங்கள்) என்று எடுக்கிறார். 2♥ டபுளில் அப்படியே நின்று எதிராளி எட்டுப் பிடி எடுத்தால் வல்னரபிள் இல்லாதபோது 470, வல்னரபிளில் 670.

பழைய முறையில் டபுள் தண்டனை. இன்று போட்டிகளில் ஆடுபவர்களில் பலரும் அதை நிறம் கேட்கும் டபுளாக வைத்திருக்கிறார்கள், என் பரிந்துரையும் அதுவே. காரணம் எண்ணிக்கை. எதிராளி ஐந்து ஆறு ஹார்ட் வைத்திருக்கிறார். பார்ட்னர் நோட்ரம்ப் திறந்ததால் அவரிடமும் இரண்டாவது இருக்கும். அப்படியிருக்க நம் கையில் ஹார்ட் குறைவாக வருவதுதான் அடிக்கடி நடக்கும், நான்கு நல்ல ஹார்ட் வருவது அபூர்வம். இந்தக் கை போல:

♠ கிங் ஜாக் 8 4
♥ 6 3
♦ ஏஸ் 9 5
♣ 10 8 7 2

எட்டுப் பாயிண்ட். கேம் கட்டாயப்படுத்த முடியாது, 2♥-ஐ அவர்களுக்குச் சும்மா விட்டுக்கொடுக்கவும் மனம் வராது. டபுள். பார்ட்னர் நான்கு ஸ்பேட் வைத்திருந்தால் 2♠ சொல்வார், அங்கே நாம் நிம்மதி. அவரிடம் நான்கு ஹார்ட் இருந்தால் பாஸ் சொல்லித் தண்டனையாக மாற்றலாம். ஆனால் ஓவர்கால் செய்தவர் அவருக்குப் பின்னால் போடுகிறார். திறந்தவரின் கிங் ஜாக் 5 2 அந்த இடத்தில் பார்வைக்குத்தான் பலம். குயின் ஜாக் 10 8 போல இடைச் சீட்டுகள் இருந்தால் மட்டும் நின்று பார்க்கட்டும்.

அப்படியானால் நம்மிடம் ஏஸ் குயின் 10 7 ஹார்ட் இருக்கும் நாளில்? பாஸ் சொல்லிக் காத்திருக்க வேண்டும். ஏலம் பாஸ்–பாஸ் என்று திறந்தவரிடம் திரும்பும்போது, ஹார்ட்டில் இரண்டே சீட்டு வைத்திருந்தால் அவர் டபுள் செய்வது கடமை. அதில் நாம் பாஸ் சொன்னால் தண்டனை முழுமையாகிவிடும். திறந்தவர் இந்தக் கடமையை மறந்தால் இந்த ஏற்பாடு அப்படியே சரிந்துவிடும். "எனக்குப் பதினைந்துதானே, எதற்கு டபுள்" என்ற தயக்கம் கூடாது. அவருடைய டபுள் அதிகப் பலத்தைச் சொல்லவில்லை, ஹார்ட் குறைவு என்பதைச் சொல்கிறது.

2 நோட்ரம்ப் இயல்பான அழைப்பு இல்லை என்று ஆனதால் ஒரு வகைக் கை அனாதையாகிறது:

♠ கிங் 8 4
♥ குயின் 6 3
♦ கிங் 9 5 2
♣ 10 8 7

டபுளுக்கு ஸ்பேட் போதாது, ஹார்ட் கூடுதல். 2 நோட்ரம்ப் கேட்டு அங்கேயே நிற்கவும் முடியாது. இந்தக் கைக்குப் பாஸ். நம் பக்கம் 23–25 பாயிண்ட் இருக்கும்போது 2♥ பல நேரம் விழும். நல்ல ஐந்து சீட்டு மைனரும் ஒன்பது பாயிண்டும் இருந்தால் 3 நோட்ரம்ப்புக்கே துணியலாம். "ஒரே ஒரு தடவைதானே" என்று இயல்பான பொருளில் 2 நோட்ரம்ப் கேட்பதை மட்டும் செய்யாதீர்கள். பார்ட்னர் 3♣ கேட்பார், நீங்கள் மூன்று கிளப்போடு விழிப்பீர்கள்.

திறந்தவர் தரப்பிலும் ஒரு கட்டுப்பாடு வேண்டும். 2 நோட்ரம்ப்பைப் பார்த்ததும் 3♣ கேட்பதில் விதிவிலக்கு வைக்காதீர்கள். 17 பாயிண்டும் ஹார்ட்டில் ஏஸ் குயினும் இருக்கிறதே என்று தாவினால், ஆறு கிளப்பும் மூன்று பாயிண்டும் வைத்திருக்கும் பார்ட்னரைக் குழியில் தள்ளுவீர்கள். நான்காம் ஆள் 3♥ என்று குறுக்கே வந்தால் மட்டும் 3♣ கட்டாயம் விலகிவிடும். அங்கே பாஸ்தான் வழக்கம்.

இவ்வளவும் ஓவர்கால் இயல்பானதாக இருந்தால். இன்றைக்கு நோட்ரம்ப்புக்கு எதிராக இயல்பாகக் கேட்பவர்கள் குறைவு. லாண்டி என்ற முறையில் 2♣ இரண்டு மேஜரையும் (ஸ்பேட், ஹார்ட்) காட்டும். காப்பலெட்டியில் 2♣ ஏதோ ஒரு நீள நிறம், 2♦ இரண்டு மேஜர், 2♥ ஹார்ட்டும் ஒரு மைனரும். மார்ட்டி பெர்கனின் டோன்ட் முறையில் 2♦ என்றால் டைமண்டும் ஒரு மேஜரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மருந்து தேட வேண்டாம். ஒரே விதி போதும்: அந்த பிட் நிச்சயமாகக் காட்டும் நிறம் எது என்று பாருங்கள், அதையே அவர்கள் கேட்ட நிறமாக வைத்து லெபன்ஸோல் ஆடுங்கள். டோன்ட் 2♦-வுக்கு டைமண்ட், காப்பலெட்டி 2♥-க்கு ஹார்ட். எந்த நிறமும் நிச்சயமில்லாத 2♣-க்கு டபுள் ஸ்டேமன், மற்ற பிட்கள் எதிராளி பேசாதது போலவே. இரண்டு மேஜரையும் காட்டும் 2♣ அல்லது 2♦-வுக்கு டபுள் என்றால் "எட்டுக்கு மேல் இருக்கிறது, அவர்களில் ஒருவரையாவது பிடிக்கலாம்". 2 நோட்ரம்ப் வழக்கம்போல லெபன்ஸோல்; 3♥, 3♠ இரண்டும் அந்தந்த நிறத்தில் ஸ்டாப்பர் உண்டு, மற்றதில் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடிக்கடி பார்க்கும் விபத்து ஒன்று: 1 நோட்ரம்ப் – (2♦) – 2♥. ஒருவர் இதை டிரான்ஸ்ஃபர் (தன் நீள நிறத்துக்குக் கீழ் நிறத்தைக் கேட்டு, பார்ட்னரை அந்த நீள நிறத்தைக் கேட்கவைப்பது) என்று நினைத்து 2♠ கேட்கிறார், மற்றவர் ஹார்ட்டோடு உட்கார்ந்திருக்கிறார். இயல்பான 2♦-வுக்கு மேல் டிரான்ஸ்ஃபர் கிடையாது, 2♥ என்றால் ஹார்ட்தான். முதல் நாளே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

எதிராளி என்ன முறை ஆடுகிறார் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே அவர்களுடைய கன்வென்ஷன் கார்டில் பார்த்துவிடுங்கள். ஏலத்தின் நடுவில் நீண்ட நேரம் விசாரித்துவிட்டுப் பாஸ் சொன்னால், உங்களிடம் ஏதோ இருக்கிறது என்று பார்ட்னருக்குத் தெரிந்துவிடும். அந்தத் தகவலை அவர் பயன்படுத்தக் கூடாது, அவர் எடுக்கும் நியாயமான முடிவும் சந்தேகத்துக்கு உள்ளாகும். நம் 2 நோட்ரம்ப் செயற்கையான பிட் என்பதால் அலர்ட் செய்வதையும் (எதிராளிக்கு உணர்த்துவதையும்) மறக்காதீர்கள்.

முன்பு சொன்ன ஓட்டைக்கு வருவோம். 2♠-க்கு மேல் ஹார்ட் அழைப்புக் கைக்கு வழியில்லை என்றேன். டிரான்ஸ்ஃபர் லெபன்ஸோல் அதை அடைக்கிறது. அதில் 2 நோட்ரம்ப் 3♣-க்கு அனுப்புவது அப்படியே இருக்கும். 3♣ முதல் மேலே வருபவை அடுத்த நிறத்தைக் காட்டும் டிரான்ஸ்ஃபர்கள், அழைப்பு அல்லது அதற்கு மேற்பட்ட பலம். 2♠-க்கு மேல் 3♦ என்றால் ஐந்து ஹார்ட். திறந்தவர் பிடிக்காவிட்டால் 3♥-இல் நிற்பார், பிடித்தால் 4♥ போவார், பதிலளிப்பவரிடம் கேம் பலம் இருந்தால் அவரே மேலே போவார். எதிராளியின் நிறத்தில் போய் விழும் டிரான்ஸ்ஃபர்தான் ஸ்டேமன்: 2♥-க்கு மேல் 3♦, 2♠-க்கு மேல் 3♥. அழகான அமைப்பு. ஆனால் ஒவ்வொரு ஓவர்காலுக்கும் எந்த பிட் ஸ்டேமன் என்பது மாறும், நினைவில் சுமை கூடும். சாதாரண லெபன்ஸோல் இருவருக்கும் யோசிக்காமல் வரும்வரை இதைத் தொடாதீர்கள்.

எதிராளி நிறம் கேட்காமல் 1 நோட்ரம்ப்பையே தண்டனையாக டபுள் செய்தால் லெபன்ஸோலுக்கு அங்கே வேலையில்லை. 15–17 திறப்பில் இது அபூர்வம். 12–14 ஆடுபவர்களுக்குத் தப்பிக்கும் வழி கட்டாயம் வேண்டும். வல்னரபிளில் டபுளோடு இரண்டு பிடி குறைந்தால் 500, மூன்று குறைந்தால் 800. எளிய ஏற்பாடு: ரீடபுள் (அவர்கள் டபுளுக்கு மேல் நாம் மறுபடி டபுள்) செய்தால் பார்ட்னர் 2♣ கேட்பார், நாம் பாஸ் சொல்வோம் அல்லது நம் ஒற்றை நீள நிறத்துக்குப் போவோம். நேர் 2♣, 2♦, 2♥ என்றால் அந்த நிறமும் அதற்கு மேலுள்ள ஒரு நிறமும், நான்கு நான்காக. பாஸ் சொன்னால் அங்கேயே ஆடச் சம்மதம். டபுள் செயற்கையானது என்றால் அதைக் கண்டுகொள்ளாமல் ஸ்டேமனும் டிரான்ஸ்ஃபரும் வழக்கம்போலவே.

2 நோட்ரம்ப் இன்னொரு இடத்திலும் இதே வேலையைச் செய்யும். எதிராளி பலவீன 2♥ திறந்து, பார்ட்னர் டபுள் செய்து, அடுத்தவர் பாஸ் சொன்னால், நம் 2 நோட்ரம்ப் ஏழுக்குட்பட்ட கை. 3♣ கேட்கச் சொல்கிறது. நேராக மூன்றாம் மட்டத்தில் கேட்டால் 8–11. ஒரே கருவி, புதிதாக நினைவில் வைக்க எதுவுமில்லை.

மூன்றாம் மட்டத்தில் 1 நோட்ரம்ப் – (3♥) என்று வந்தால் லெபன்ஸோல் கிடையாது, சுற்றிவர இடமே இல்லை. டபுள் நிறம் கேட்பது, 3♠ ஐந்து சீட்டோடு கேம் கட்டாயம், 3 நோட்ரம்ப் ஆடுவதற்கு. உங்கள் டைமண்ட் கையோடு அந்த இடத்தில் இருந்தால் பாஸ் சொல்லிவிட்டு, லீட் (முதல் சீட்டை இறக்கும் முறை) உங்களுக்கு வந்தால் ஒரு ஹார்ட்டை இறக்குங்கள். 7 4 ஸ்பேடிலிருந்து இறக்கினால் பார்ட்னரின் ஸ்பேடைத்தான் காட்டிக்கொடுப்பீர்கள்.